ஒரு கோடிச் சுற்று

பிப்ரவரி 8, 1983

காலை வண்டியில் திருவனந்தபுரத்திலிருந்து வந்து இறங்கினேன். பையில் முறிந்த துண்டுகள். ஸ்டேஷனிலிருந்து வீடுவரை கலகலவென்று சத்தம் போட்டுக்கொண்டே வந்தன, சனியன்கள்.

அம்மா வாசலிலேயே பிடித்துக்கொண்டாள். "என்னட்டி, இந்தத் தடவையும் ஒடைஞ்சுதா?"

ஆமாம் என்றேன்.

"இரும்பைப் பொடியாக்கி, பொடியைத் திரும்ப இரும்பாக்கி, அதை ஒடைச்சுப் பாக்கதுக்கு ஒரு படிப்பு! பேசாம ஒரு ஒலக்கைப் பூணை வாங்கி ஒடைச்சிருக்கலாம், பிள்ளை."

சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டே கொல்லைப்புறம் போய், முகம் கழுவுகிற சாக்கில் அழுதேன்.

ஆறு வருஷமாக இதைத்தான் செய்கிறேன். இரும்புத்தூள், கொஞ்சம் செம்புத்தூள், கொஞ்சம் கிராஃபைட். மூன்றையும் கலந்து, அச்சில் இட்டு அழுத்தி, ஹைட்ரஜன் உலையில் உருகிவிடாமல் சூடாக்கினால் தூள் எல்லாம் ஒட்டி ஒரே துண்டாகும். அந்தத் துண்டைச் சுழற்றிக்கொண்டே வளைக்கிற எந்திரத்தில் மாட்ட வேண்டும். ஒரு கோடிச் சுற்று தாங்கினால் அது நல்ல துண்டு, நான் டாக்டர் பேச்சியம்மாள். ஆனால் ஒரே டப்பாவில் கலந்த தூளில் ஒன்று கோடியைத் தாண்டி நிற்கிறது, அதன் கூடப்பிறந்தது லட்சத்திலேயே போய்விடுகிறது. எது நிற்கும், எது போகும் என்று யாராலும் சொல்ல முடியவில்லை.

டாக்டர் குறுப்பு, என் கைடு, நேற்று எல்லோர் முன்னாலும் சொன்னார்: "பேச்சி, இது மெட்டலர்ஜி அல்ல. லாட்டரியாணு." பையன்கள் சிரித்தார்கள். என் ஆராய்ச்சிப் பதிவு செப்டம்பரோடு முடிகிறது. அதற்குள் இந்தத் துண்டுகள் ஒழுங்காக நின்றாக வேண்டும். இல்லாவிட்டால் ஆறு வருஷமும் காற்றில் போயிற்று.

பிப்ரவரி 11

மூன்று வருஷத்துக்கு முன்னால் உதவித்தொகை நின்றபிறகு ஹாஸ்டலில் இருக்க வழியில்லாமல் இங்கே வந்தேன். அப்பா தறிச் செட்டின் ஓரத்தில் நூல் போட்டுவைக்கிற அறையைக் காலிசெய்து கொடுத்தார். பழைய தறி மோட்டார் ஒன்றில் பெல்ட் போட்டு, மூடிபோட்ட டப்பாவைச் சுழலவிட்டிருக்கிறேன். சலிப்பது, நிறுப்பது, கலப்பது இங்கே. அழுத்துவதும் உலையும் சோதனையும் அங்கே. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை தூளைத் தூக்கிக்கொண்டு செங்கோட்டை வழியாகக் கொல்லம் போய், வண்டி மாறிப் போகிறேன்.

"ராமசுப்பு மவ இரும்பு மாவு அரைக்கா" என்று தெருவில் பேச்சாம். அரைக்கட்டும்.

பிப்ரவரி 20

எழுத ஒன்றுமில்லை. எழுந்தேன், உட்கார்ந்தேன், படுத்தேன்.

மார்ச் 6

கரண்டு இல்லை. மழை பொய்த்து அணையெல்லாம் வற்றிப்போனதில் பாதிப்பொழுது தறிகள் சும்மா நிற்கின்றன. என் டப்பாவும் பாதிச் சுற்றில் நின்றுவிட்டது. நின்றால் கனமான தூள் அடியில் இறங்கிவிடும் என்று புலம்பினேன். அப்பா பெல்ட்டைக் கழற்றிவிட்டு ஒரு கைப்பிடியைச் செருகி, உட்கார்ந்து சுற்ற ஆரம்பித்துவிட்டார். கரண்டு வரும்வரை சுற்றினார்.

"ஏன் மக்கா, இரும்புக்கும் அசதி வருமா?"

வரும் என்றேன். ஒரே அடியில் முறியாததைக் கொஞ்சம் கொஞ்சமாக, விடாமல் வளைத்தால் ஒருநாள் தானாக முறியும் என்றேன்.

"அப்ப உங்கம்மா பேசுத பேச்சுக்கு நான் என்னைக்கோ முறிஞ்சிருக்கணுமே!"

உள்ளேயிருந்து அம்மா, "கேக்குது, கேக்குது" என்றாள். இந்த வருஷம் நான் மனதாரச் சிரித்தது இன்றைக்குத்தான்.

மார்ச் 24, திருவனந்தபுரம்

கண்டுபிடித்துவிட்டேன்! லட்சத்தில் போன துண்டுகளின் முறிந்த முகத்தை எலக்ட்ரான் மைக்ராஸ்கோப்பில் பார்க்க இன்று இடம் கிடைத்தது. விரிசல் தொடங்கின இடத்தில் ஒவ்வொன்றிலும் ஒரு பொடிக்கல். மணல். இரும்போடு ஒட்டாமல் தனியாக உட்கார்ந்திருக்கிறது. அதைச் சுற்றித்தான் விரிசல் கிளம்பியிருக்கிறது. மணல் ஓரத்தில் சிக்கின துண்டு முறிகிறது, சிக்காத துண்டு நிற்கிறது. லாட்டரி இல்லை குறுப்பு சார், மணல்!

"உன் ஊரில் காற்று ஜாஸ்தி. ஷெட்டை அடைக்கு" என்றார் சார், காட்டினபோது.

எங்கள் ஊர்ப் புழுதிதான். வேறென்ன?

ஏப்ரல் 2

அறையின் ஓட்டு இடுக்கெல்லாம் சாந்து பூசியாயிற்று. சன்னலுக்கு நனைத்த சாக்கு. வாசலில் இரட்டைத் திரை. தூளை மறுபடி சலித்தேன். அப்பாவிடம், தறி ஓடினால் தரை அதிர்ந்து புழுதி கிளம்புகிறது, நான் கலக்கிற நாளில் தறியை நிறுத்துங்கள் என்றேன். கேட்ட விதம் சரியில்லை. கரண்டு இருக்கிற கொஞ்ச நேரத்தில் நிறுத்தச் சொல்கிறேன், அதையும் கத்திச் சொல்கிறேன். அப்பா தறிக்காரர் சுயம்புலிங்கத்திடம், "நிறுத்தும்வே, பிள்ளை வேலை முடியட்டும்" என்றார். அவ்வளவுதான்.

இன்று கலவை நன்றாக வந்திருக்கிறது. மனசு சொல்கிறது.

ஏப்ரல் 29, திருவனந்தபுரம்

முறிந்தது. முறிந்தது. முறிந்தது.

மறுபடி அதே மணல். எங்கிருந்து வருது? சாந்து பூசினேன், சாக்கு போட்டேன், தறியை நிறுத்தினேன். இன்னும் என்னதான் செய்ய? வானத்துல இருந்தா கொட்டுது?

மே 1

குறுப்பு சார் நேற்றுக் கதவைச் சாத்திவிட்டுப் பேசினார். கெட்டவர் இல்லை, ஓய்வு பெறுமுன் என்னைக் கரையேற்ற நினைக்கிறார். லட்சத்தில் போனதையெல்லாம் 'அழுத்தும்போது கோளாறு' என்று தள்ளிவிட்டு, நின்றதை மட்டும் வரைபடத்தில் போட்டு எழுதி முடி என்றார். எல்லோரும் கொஞ்சம் அப்படித்தான் என்றார்.

யோசித்துச் சொல்கிறேன் என்றேன். அந்த இடத்திலேயே மாட்டேன் என்று சொல்லியிருக்க வேண்டாமா? சொல்லவில்லை. வண்டியில் வரும்போது ஆரியங்காவு குகைக்குள் இருட்டில் உட்கார்ந்து, சொல்லாததை நினைத்துக்கொண்டிருந்தேன்.

மே 15

புளியங்குடியில் எலுமிச்சங்காய் மண்டிக்காரர் ஒருவர். மனைவி இறந்து இரண்டு வருஷமாம். அம்மா மூன்றாவது தடவையாகச் சொல்கிறாள். "படிச்சு முடிச்சுட்டுன்னே, சரி. இப்பதான் முடியாதுன்னு தெரிஞ்சுபோச்சே, பெறவு என்ன?"

அப்பா சட்டென்று, "யாரு சொன்னா முடியாதுன்னு?" என்றார். அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டு இந்த வாரத்தை ஓட்டிவிடுவேன்.

ஜூன் 12

முறிந்ததை விட்டுவிட்டு வரைபடம் போட்டுப் பார்த்தேன். ரொம்ப அழகாக வருகிறது. கோடு வழுக்கிக்கொண்டு போகிறது. இதை நம்பி நாளைக்கு ஒருத்தன் இந்தத் தூளில் தறிக்குப் பல்சக்கரம் செய்வான். பத்தில் ஏழு ஓடும். மூன்று, கைவைக்கிற நேரம் பார்த்துத் தெறிக்கும்.

கிழித்துப் போட்டேன். இது நேர்மை என்றெல்லாம் தோன்றவில்லை. இருந்த ஒரு வழியையும் அடைத்துக்கொண்ட கிறுக்கச்சி என்றுதான் தோன்றுகிறது.

ஜூன் 19

எழுத்துக் கோணலாகப் போனால் போகட்டும்.

டப்பாவைச் சுற்றவிட்டுவிட்டு கடைத்தெருவுக்குக் கிளம்பினேன். கரண்டு போய்விட்டது, தெருமுனையிலிருந்து திரும்பி வந்தேன். அறைக்குள் அப்பா. மூடியைத் திறந்துவைத்திருக்கிறார். செருப்பில்லை, கைகால் கழுவின ஈரம். மடியிலிருந்து ஒரு பொட்டலம். அதில் புற்றுமண். நம்ம கோயில் பிரசாதப் புற்றுமண். "சங்கரநாராயணா" என்று சொல்லி ஒரு சிட்டிகை எடுத்து என் தூளுக்குள்ளே போட்டார். பிறகு மூடிவிட்டு, கைப்பிடியைச் செருகி நிதானமாகச் சுற்ற ஆரம்பித்தார்.

காய்ச்சல் வந்தால் நெற்றியில் இடுவோம். கரைத்துக் குடிப்போம். தறியில் ஏற்றுகிற புதுப் பாவு நூலுக்குக் கஞ்சி காய்ச்சினால் முதலில் ஒரு சிட்டிகை போடாமல் அப்பா கிண்டமாட்டார். சின்ன வயசிலிருந்து பார்க்கிறேன். பார்த்துக்கொண்டே இருந்தேனே, எனக்கு ஏன் உறைக்கவில்லை?

"என்னப்பா செய்தீங்க?"

"பாவுக்குப் போடுத மாதிரிதான் மக்கா. நல்லதுக்குத்தானே."

"எத்தன நாளா?"

"நீ டப்பாவை மாட்டின அன்னைலருந்து. ஒரு தடவைகூட விடலை." பெருமையாகச் சொன்னார். பெருமையாக!

அதற்குப் பிறகு நான் பேசினது நானா என்று தெரியவில்லை. அது மண்ணுப்பா, மண்ணு, நான் ராத்திரி பகலா தேடின மண்ணு, கொண்டாந்து கொட்டினது நீங்களா, என் வாயில மண்ணை அள்ளிப் போட்டுட்டீங்களே, பெத்த அப்பனே போட்டுட்டீங்களே... செட்டு முழுக்கக் கேட்டிருக்கும். சுயம்புலிங்கம் நூலைப் பிடித்தபடி நின்றுவிட்டார்.

அப்பா சுற்றிக்கொண்டிருந்த கையை எடுத்தார். பொட்டலத்தை மடித்தார். மடிக்க வரவில்லை. அப்படியே மடியில் கட்டிக்கொண்டு போய்விட்டார்.

ஜூன் 20

அப்பா சாப்பிடவில்லை. நானும்.

அம்மாவிடம், உனக்குத் தெரியுமா என்றேன். "எல்லாருக்கும் தெரியுமே. உனக்கும் தெரியும்னுல்லா நெனச்சேன். புத்துமண்ணு போடுதது ஒரு விசயமாட்டி?"

பிள்ளையார் பிடிக்கக் குரங்கான கதையென்றால் இதுதான். எனக்காகக் கும்பிட்டுக் கும்பிட்டே என்னை முறித்திருக்கிறார். யாரைத் திட்ட? வெளியாள் எவனாவது செய்திருந்தால் சட்டையைப் பிடித்து உலுக்கியிருப்பேன்.

ஜூலை 9

புதிதாகக் கலந்தேன். அறையைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டேன். தேவையே இருக்கவில்லை. அப்பா அந்தப் பக்கமே வரவில்லை. கரண்டு போனபோது நானே சுற்றினேன். தோள் விட்டுப்போகிறது. இதையா அவர் அத்தனை பொழுது சுற்றினார்?

ஜூலை 22

ஆடித் தபசுத் திருவிழாக் கூட்டம். நாலாபக்கத்துக் கிராமமும் ஊருக்குள் வந்துவிட்டது. அப்பா கோயிலுக்குப் போகவில்லை. எனக்கு நினைவு தெரிந்து இது முதல் தடவை. "முட்டு வலிக்கி" என்றார்.

சுயம்புலிங்கம் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "தாயி, அண்ணாச்சி இப்ப கஞ்சிக்கு மண்ணு போடுததே இல்ல. பாவு அறுந்து அறுந்து போகுது. நீங்க ஒரு வார்த்த சொல்லுங்க."

மழையில்லாத வறட்சிக் காற்றில் நூல் காய்ந்து அறுகிறது என்று விளக்கினேன். காரணம் சரிதான். ஆனால் மூஞ்சியைத் திருப்பிக்கொண்டு சொன்னேன். கேட்டுவிட்டு, "சரி தாயி, நீங்க படிச்சவுக" என்று போய்விட்டார்.

ஆகஸ்ட் 17, திருவனந்தபுரம்

எல்லாம் நின்றன. ஒன்றுகூடப் பாக்கியில்லாமல் ஒரு கோடியைத் தாண்டின. எந்திரத்தைக் கையால் நிறுத்த வேண்டியிருந்தது.

ஆறு வருஷமாக இந்த நாளைத்தான் கனவு கண்டேன். வந்தால் ஓடிப்போய் அப்பாவுக்கு ட்ரங்க் கால் போடுவேன் என்று நினைத்திருந்தேன். போட்டு என்ன சொல்ல? நீங்க கைவைக்காததால நின்னுட்டுதுப்பா என்றா?

குறுப்பு சாரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன், புற்றுமண் உட்பட. அவர் சிரிக்கவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார். "ஒரு கலவை மட்டும் வைத்து தீசிஸ் ஆகில்லா, குட்டி. பழையதெல்லாம் அழுக்கு. நீட்டிப்புக் கேட்போம்."

செப்டம்பர் 30

நீட்டிப்பு இல்லை. ஏற்கெனவே ஒருமுறை கொடுத்தாயிற்றாம். விதியில் இடமில்லையாம்.

வெண்ணெய் திரளும்போது தாழி உடைந்தது. முப்பது வயசு, கையில் ஒன்றுமில்லை. அம்மா பாவம், இன்று புளியங்குடிப் பேச்சை எடுக்கவில்லை. காப்பி கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனாள்.

அப்பா அறைவாசல்வரை வந்தார். நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். "என்னாலதானே?" என்றார். இல்லை என்று சொல்லியிருக்கலாம். பொய் வாயில் வரவில்லை. அவர் தலையை ஆட்டிவிட்டுப் போனார்.

அக்டோபர் 3

படுத்தே கிடந்தேன்.

அக்டோபர் 8, திருவனந்தபுரம்

சாமான்களை எடுக்கத்தான் போனேன். பழைய முறிந்த துண்டுகளைக் குப்பையில் கொட்டப்போகையில் குறுப்பு சார் கையைப் பிடித்தார்.

"எத்ர மண்? ஒரு கலவைக்கு எவ்வளவு விழுந்தது?"

தெரியாது என்றேன்.

"அது தெரிஞ்சால் இதொந்நும் குப்பை அல்ல. எவ்வளவு மண்ணுக்கு எவ்வளவு ஆயுள் போகும் என்று இத்தனை வருஷம் சோதித்திருக்கிறாய், அறியாமல். புதிதாகப் பதிவு செய். முதலிலிருந்து வரணும். முடியுமா?"

முதலிலிருந்து. இன்னும் ஆறு வருஷமா? ஆனால் கொட்டவில்லை. தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன். ஒரு சிட்டிகை எவ்வளவு என்று எந்தப் புத்தகத்திலும் இருக்காது. அது அப்பாவின் விரலில் இருக்கிறது. அந்த விரலைத்தான் நான் ஊர் கேட்க உதறித் தள்ளினேன்.

அக்டோபர் 23

அந்தச் சிட்டிகையைப் போட்டுக் காட்டச் சொல்லிக் கேட்டேன். அப்பா நூற்கண்டைப் பிரித்துக்கொண்டே, "வேண்டாம் மக்கா. நான் தொட்டா வெளங்காது" என்றார்.

ஏம்ப்பா இப்பிடிப் பேசுதீங்க என்றேன். எனக்கு அழுகை வந்துவிட்டது. அவர் நிமிர்ந்து பார்க்கவில்லை.

"கும்புட்டுத்தானே போட்டேன்" என்றார், நூலிடம் சொல்வதுபோல. "கும்புட்டுப் போட்டா கெடுதல் வரும்னு எனக்குத் தெரியாதே."

அக்டோபர் 24

நான் கோயிலுக்குப் போனேன். எத்தனை வருஷம் ஆயிற்று! புற்றுமண் வாங்கி வந்து, அப்பா வைக்கிற மாடத்திலேயே வைத்துவிட்டேன்.

அக்டோபர் 30

மாடத்தில் பொட்டலம் அப்படியே இருக்கிறது.

நவம்பர் 6

விடியற்காலையில் மழை பிடித்தது. இந்த வருஷத்தின் முதல் நல்ல மழை. அறையில் தூளை நிறுத்துக்கொண்டிருந்தேன். வாசலில் நிழலாடியது. அப்பா. செருப்பில்லை. கைகால் கழுவின ஈரம். கையில் பொட்டலம்.

"எவ்வளவு போடணும்?" என்றார். இத்தனை வருஷத்தில் அவர் அதைக் கேட்டதே இல்லை.

"எப்பவும் போடுத மாதிரி போடுங்கப்பா."

தராசுத் தட்டில் காகிதத்தை வைத்தேன். மெதுவாகச் சாமி பேரைச் சொன்னார். ஒரு சிட்டிகையைக் காகிதத்தில் விட்டுவிட்டு, முள் அசைந்து அசைந்து நிற்கிறவரை இரண்டு பேரும் பார்த்தோம். எழுதிக்கொண்டேன். காகிதத்தை மாற்றி இன்னொரு தடவை போடச் சொன்னேன். பிறகு இன்னொரு தடவை. மூன்றும் ஏறக்குறைய ஒன்றாகவே வந்தன.

அப்பா காகிதத்தின்மேல் குனிந்து பார்த்தார். கிட்டே வந்து, இன்னும் குனிந்து பார்த்தார்.

"இம்புட்டுக்கா மக்கா முறிஞ்சுது?"

"இம்புட்டுக்குத்தாம்ப்பா."

பிறகு விரலில் ஒட்டியிருந்ததை என் நெற்றியில் தேய்த்துவிட்டார், பரீட்சைக்குப் போகிற நாளில் இடுவாரே, அதேபோல. சின்னப் பிள்ளையாட்டம் கண்ணை மூடிக்கொண்டு நின்றேன்.

தூளையும் கடைசிக் காகிதத்தில் இருந்த ஒரு சிட்டிகையையும் டப்பாவில் போட்டு மூடினேன். அப்பா பழக்கத்தில் கைப்பிடியைத் தேடினார். தேவைப்படவில்லை, கரண்டு இருந்தது.